திண்டுக்கல் பின்கட்டு: ஆட்டிலிருந்து செல் வரை, செல்லிலிருந்து செடி வரை

முன்வாசல் வழியாகத் திண்டுக்கல்லைப் பார்த்தவர்களுக்கு மலைக்கோட்டை தெரியும், பூட்டு தெரியும், பிரியாணி தெரியும். இன்றைக்கு நாம் பின்கட்டு வழியாக நுழைகிறோம். கறிக்கடையின் உள்ளறை, தோல் ஷாப்பின் சுண்ணாம்புக் குழி, பிரியாணி அண்டாவின் அடிப்பாகம், நிலக்கோட்டைப் பூ மூட்டை, வேடசந்தூர்ப் புகையிலைக் காடு!

பள்ளி அறிவியல் புத்தகத்தில் செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம், உயிரி என்று வரிசையாகக் கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்திருப்பார்களே, அந்தப் பாடம் முழுவதையும் இந்த ஊர் தினமும் கையால் செய்துகொண்டிருக்கிறது. புத்தகம் கீழிருந்து மேலே ஏறும். ஊர் மேலிருந்து கீழே இறங்கும். உடலில் ஓர் அடுக்கு முடிந்து இன்னோர் அடுக்கு தொடங்கும் மூட்டு எங்கே இருக்கிறதோ, அங்கே போய் ஒரு தொழில் உட்கார்ந்திருக்கிறது. இது புரிந்த நாளிலிருந்து எனக்கு இந்த ஊரில் கால் தரையில் பாவுவதில்லை. வாருங்கள், காட்டுகிறேன்.

முதலில் முழு உயிரி. திருச்சி சாலையில் அய்யலூர். வியாழக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை. வெளிச்சம் வருவதற்கு முன்பே வேன்களிலும் டூவீலர்களிலும் வந்து இறங்குகின்றன வெள்ளாடுகளும் செம்மறிகளும். வாங்க வந்தவர் குனிந்து ஆட்டின் கீழுதட்டைப் பிதுக்குகிறார்.

“பல்லு போட்டிருச்சாண்ணே?”

“ரெண்டு பல்லு. நீங்களே பாருங்க.”

இரண்டு நிலைப்பல் முளைத்திருந்தால் ஆடு ஒரு வயதைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். மேல்தாடையில் முன்பல் கிடையாது, வெறும் கெட்டியான ஈறு. அடுத்து முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்துகிறார். சதைப்பிடிப்பும் கொழுப்பும் தெரிந்துவிடும். பிறகு விலா ஏறி இறங்குவதையும், தாடை அசைபோடுவதையும் ஒரு பார்வை. அரை நிமிடத்தில் எலும்பு மண்டலம், தசை மண்டலம், சுவாச மண்டலம், செரிமான மண்டலம் எல்லாவற்றையும் சோதித்து முடித்துவிட்டார்! துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவது அப்புறம்.

அடுத்து கறிக்கடை. இங்கேதான் முதல் மூட்டு திறக்கிறது.

“கத்தி வழிகாட்டத்தான் தம்பி. உரிக்கிறது முட்டிதான்” என்றார் கடைக்கார அண்ணன். தொடையருகே ஒரு கீறல் போட்டார். கத்தியை ஓரமாக வைத்துவிட்டு, கையை இறுக்கி மூடி, தோலுக்கும் சதைக்கும் நடுவே முட்டியை நுழைத்துத் தள்ளினார். சரசரவென்று கழன்றது தோல். எங்கும் கிழியவில்லை. ரத்தமும் அதிகம் சொட்டவில்லை. தோல் ஓர் உறுப்பு, அதற்கு அடியில் இருக்கும் தசை வேறோர் உறுப்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது இழையும் நீரும் கொழுப்பும் கலந்த தளர்வான இணைப்புத் திசு. தோல் சதையின் மேல் நழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஆடு குனிந்து மேயவே முடியாது. நழுவுவதற்காக உடல் விட்டுவைத்த இடைவெளியில்தான் அண்ணனின் முட்டி போகிறது. உங்கள் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். நகர்கிறதல்லவா? அதே இடைவெளிதான்!

வயிற்றைத் திறந்ததும் என் உற்சாகம் எல்லை மீறிவிட்டது. மூச்சுக்குழாயைப் பிடித்து இழுத்தால் அதோடு நுரையீரல் வருகிறது, நெஞ்சாங்குலையும் கூடவே தொங்கிக்கொண்டு வருகிறது. இன்னொரு பக்கம் இரைப்பையிலிருந்து குடல் கடைசி வரை ஒரே தொடராக வெளியே வருகிறது. மண்டலம் என்று புத்தகம் சொல்வது இதைத்தான்: ஒன்றைத் தூக்கினால் உறவுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து எழுந்து வருகிறார்கள். ஈரல் ஒரு தட்டில், சுவரொட்டி ஒரு தட்டில், குண்டிக்காய் இரண்டும் கொழுப்புக்குள் புதைந்தபடி இன்னொரு தட்டில். பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சுவரொட்டி சமைத்துக் கொடுப்பார்கள் நம் ஊரில். மருத்துவம் மண்ணீரல் என்று சொல்லும் அந்த உறுப்பின் வேலைகளில் ஒன்று, கிழடான சிவப்பணுக்களை உடைப்பது. அதனால்தான் அதில் அவ்வளவு இரும்புச்சத்து.

சிவப்பணு என்றதும் ஒரு செய்தி. வெள்ளாட்டின் சிவப்பணு பாலூட்டிகளிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. மனிதருடையது 7 முதல் 8 மைக்ரோமீட்டர் அகலம். வெள்ளாட்டுடையது 3 முதல் 4. ரத்தப் பொரியலுக்காகப் பாத்திரத்தில் பிடித்து வைத்திருக்கும் அந்தச் சிவப்பும் ஒரு திசுதான், ஓடும் திசு. அதன் ஒரு துளிக்குள் கோடிக்கணக்கில் செல்கள்!

ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள். இரண்டாவதின் உட்புறம் அறுகோண மேடுகள். மூன்றாவதில் ஏடு ஏடாக மடிப்பு. முதல் அறையான பெருவயிறு ஓர் அதிசயம். அய்யலூர் கரட்டில் மேய்ந்த காய்ந்த புல்லிலும் வேலாமரத்து இலையிலும் இருக்கும் செல்லுலோஸை ஆட்டால் செரிக்க முடியாது. அதற்கான நொதி ஆட்டின் எந்தச் செல்லிலும் இல்லை. பெருவயிற்றுத் திரவத்தின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஆயிரம் கோடி அளவில் வாழும் பாக்டீரியாக்கள்தான் அதைச் செய்கின்றன. ஆக, ஆட்டின் செரிமான மண்டலத்தின் முக்கியமான தொழிலாளர்கள் ஆடே இல்லை! புத்தகத்தின் ஐந்து கட்டங்களில் இவர்களுக்கு இடம் எங்கே? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

இப்போது கொஞ்சம் அருகில் வாருங்கள். வெட்டி மேசையில் போட்ட தொடைக்கறி துடிக்கிறது. வெளியே எடுத்துப் போட்ட குடல் இன்னும் நெளிகிறது. அறுத்த சூட்டில் எடுத்த இதயம் சற்று நேரம் அடித்துக்கொள்வதும் உண்டு. ஆடு போய்விட்டது, ஆனால் அதன் பகுதிகளுக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. இதயத்துக்குள் தாளம் போடும் செல்கள் மூளையின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. குடலுக்கு என்று தனி நரம்பு வலை உண்டு. மனிதக் குடலில் அந்த நரம்பு செல்கள் 10 கோடிக்கும் மேல். முதலில் போவது உயிரி. பிறகு மண்டலங்கள். பிறகு உறுப்புகள். செல்கள்தான் கடைசிவரை தாக்குப்பிடிக்கின்றன. தசைச் செல்களில் மிச்சமிருக்கும் ஏடிபி என்ற எரிபொருள் தீர்ந்ததும்தான் கறி விறைக்கிறது.

2008-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மூளைச்சாவு உறுப்பு தானத் திட்டம் முழுவதும், உயிரி போவதற்கும் உறுப்பு போவதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. எடுத்த இதயத்துக்குச் சுமார் நான்கு மணி நேரம் அவகாசம். சிறுநீரகம் ஒரு நாள்கூடத் தாங்கும். மூளை கைவிட்ட பிறகும் உறுப்பு இன்னோர் உடலில் போய் வாழத் தயாராக இருக்கிறது. ஆம்புலன்ஸுக்காகச் சாலையைக் காலி செய்துகொடுக்கும் போலீஸ்காரர்கள் காப்பாற்றுவது அந்தச் சில மணி நேரத்தை.

கறிக்கடையில் உரித்த தோல் எங்கே போகிறது? உப்பு தடவி மடித்து, பல கைகள் மாறி, தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு. திண்டுக்கல்லின் பழைய தொழில் இது. மூக்கைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் என்னைப் பொறுத்தவரை ஊரிலேயே சிறந்த உயிரியல் பாடம் இங்கேதான் நடக்கிறது.

தோல் என்ற உறுப்புக்குள் அடுக்கடுக்காகத் திசுக்கள். மேலே எபிதீலியம்: நெருக்கமாக அடுக்கிய செல்கள், அவற்றின் வெளிப்புறத்தில் கெரட்டின் நிரம்பிச் செத்த செல்கள், அவற்றிலிருந்து கிளம்பும் மயிர். நடுவே இணைப்புத் திசு: மூன்று புரிகளை முறுக்கிய கயிறாகப் பின்னிய கொலாஜன் புரதம். கீழே கொழுப்பும் சவ்வும். இந்த மூன்றில் வியாபாரத்துக்கு வேண்டியது நடுவில் இருப்பது மட்டும். பெல்ட்டாகவும் செருப்பாகவும் நாம் மாட்டிக்கொண்டு திரிவது ஒரு முழு உறுப்பு அல்ல. சுத்தமாகப் பிரித்தெடுத்த ஒற்றைத் திசு!

பிரிப்பது எப்படி? சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். கெரட்டினின் பலமே அதற்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளில்தான் இருக்கிறது. சல்பைடு அந்தப் பிணைப்புகளைத் தேடித் தேடி அறுக்கிறது. கொலாஜனில் அந்தப் பிணைப்பு இல்லை. அதனால் மயிரும் மேல்தோலும் கூழாகிக் கழன்றுவிட, கொலாஜன் அசையாமல் நிற்கிறது. ஒரு திசுவை மட்டும் அடையாளம் கண்டு தாக்குகிற ரசாயனம்! பிறகு கீழ்ப்பக்கச் சவ்வை வழித்தெடுக்கிறார்கள். அடுத்து நொதிக் குளியல். ஒரு காலத்தில் உலகெங்கும் இதற்கு நாய் எச்சமும் புறா எச்சமும் பயன்பட்டன. 1907-இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர் விலங்குகளின் கணையத்தில் சுரக்கும் செரிமான நொதிகளே அந்த வேலையைச் செய்யும் என்று கண்டு தொழிலை மாற்றினார். ஒரு விலங்கின் செரிமான மண்டலம் இன்னொரு விலங்கின் தோலை மெத்தென்றாக்குகிறது. இதைக் கேட்டபோது நான் கைதட்டிவிட்டேன்.

கடைசியில் பதனிடுதல். பழைய முறையில் ஆவாரம்பட்டை, கடுக்காய். இப்போது பல இடங்களில் குரோமியம் உப்பு. ஒரு துண்டு கடுக்காயைக் கடித்துப் பாருங்கள், நாக்கு இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பு டானின் என்ற பொருள் உங்கள் எச்சில் புரதங்களைப் பிடித்துக் கட்டுவதால் வருகிறது. குழிக்குள் அதே டானின் கொலாஜன் இழைகளைப் பிடித்துக் கட்டுகிறது, பாக்டீரியாவால் அவிழ்க்க முடியாதபடி. முடிந்த தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிர்க்கால்கள் இருந்த புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். வெள்ளாடா செம்மறியா என்று பழகிய கண் அதை வைத்தே சொல்லிவிடும்.

சுண்ணாம்புக் குழிக்கு ஆட்டுத் தோல், மனிதத் தோல் என்ற பேதம் தெரியாது. காலங்காலமாகக் குழிக்குள் வெறுங்கையும் வெறுங்காலுமாக நின்றவர்களின் மேல்தோலையும் அது அப்படியேதான் அரித்தது. தலித் மக்கள் பெரும்பான்மையாக உழைத்த இந்தக் குழிகளையும், அவர்கள் சங்கம் கட்டி எழுந்ததையும் திண்டுக்கல்லில் வாழ்ந்த டி. செல்வராஜ் ‘தோல்’ என்ற நாவலாக எழுதினார். 2012-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. உயிரியல் மாணவர்களுக்கு நான் அந்த நாவலைப் பாடமாகவே வைப்பேன். தோல் பதனிட்ட கழிவுநீர் ஊரைச் சுற்றியிருந்த கிணறுகளில் இறங்கி நிலத்தடி நீரை உப்பாக்கியதும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான்.

தோல் ஷாப்பிலிருந்து ஒரு பாரீஸ்காரரிடம் தாவுகிறேன், கோபிக்க வேண்டாம். சேவியர் பிஷா. 1771-இல் பிறந்து 1802-இல், முப்பதே வயதில், இறந்துபோனவர். திசு என்ற அடுக்கை உலகுக்குக் காட்டியவர் அவர்தான். அவருக்கு முன்பு மருத்துவர்கள் உறுப்போடு நின்றுகொண்டார்கள். ஒரே குளிர்காலத்தில் 600 உடல்களுக்கு மேல் அறுத்தார் என்று சொல்வார்கள். நுண்ணோக்கியை அவர் நம்பவில்லை, தொடவுமில்லை! உடலின் பகுதிகளை ஊறப்போட்டார், வேகவைத்தார், காயவைத்தார், அழுகவிட்டார், அமிலத்தில் போட்டார். எது எதில் கரைகிறது, எது எதைத் தாங்குகிறது என்று பார்த்தே 21 வகைத் திசுக்கள் என்று பட்டியல் போட்டார். இன்று விலங்குகளுக்கு எபிதீலியம், இணைப்பு, தசை, நரம்பு என்று நான்காகச் சுருக்கிவிட்டோம். ஆனால் அந்த முறையைக் கவனியுங்கள். ஊறப்போடுவது, வேகவைப்பது, உப்பு, அமிலம்… தோல் ஷாப்பும் சமையலறையும் செய்வதைத்தானே செய்திருக்கிறார்! 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. அங்கே முதலாண்டு மாணவர்கள் கண்ணாடித் தகட்டில் திசுக்களைப் பார்க்கிறார்கள். அவர்களை ஒருநாள் தோல் ஷாப்புக்கும் கூட்டிப்போனால் பிஷாவே மகிழ்ந்திருப்பார்.

சரி, பசிக்கிறது. அண்டாவுக்குப் போவோம்.

1957-இல் நாகசாமி நாயுடு இந்த ஊரில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டலைத் தொடங்கினார். அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையால் கடைக்கு ‘தலப்பாகட்டி’ என்ற பெயர் நின்றுவிட்டது. (1957 என்ற ஆண்டைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், காரணம் இருக்கிறது.) சீரகச் சம்பா அரிசி, சின்ன வெங்காயம், இளங்கறி. பிரியாணியிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து விரலால் பிரியுங்கள். இழை இழையாக வருகிறதே, அந்த ஒவ்வோர் இழையும் தசை நார்களின் கட்டு. அதற்குள் இருக்கும் ஒற்றைத் தசை நார்தான் ஒரு செல். மயிரிழைக்கு ஒப்பான தடிமன், ஆனால் சென்டிமீட்டர் கணக்கில் நீளம், உள்ளே நூற்றுக்கணக்கில் உட்கருக்கள். செல் என்றால் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பெட்டி என்று நினைத்தவர்களுக்கு இது நல்ல அதிர்ச்சி!

பச்சைக்கறியில் ஏன் அந்த இழைகள் பிரிவதில்லை? ஒவ்வொரு நாரையும், ஒவ்வொரு கட்டையும், முழுத் தசையையும் கொலாஜன் உறை சுற்றியிருக்கிறது, தோல் ஷாப்பில் நாம் பார்த்த அதே கொலாஜன். அங்கே டானின் போட்டு இறுக்கினார்கள். இங்கே தண்ணீரும் சூடும் போட்டு அவிழ்க்கிறார்கள். ஈரத்தோடு நீண்ட நேரம் சூடேற்றினால் முறுக்கு அவிழ்ந்து கொலாஜன் ஜெலட்டினாக உருகி அரிசிக்குள் இறங்கிவிடும். சோறு உதட்டில் லேசாக ஒட்டுவது அதனால்தான். ஆடு முதிர முதிரக் கொலாஜன் இழைகளுக்குள் குறுக்குப் பிணைப்பு கூடும், வேக நேரமாகும். அய்யலூரில் உதட்டைப் பிதுக்கிப் பல்லைப் பார்த்தது இதற்குத்தான்! அதிகம் உழைக்கிற கால்கறியில் இணைப்புத் திசு அதிகம், முதுகுக்கறியில் குறைவு. மாஸ்டர்கள் இதைத் திசு என்று சொல்வதில்லை. “இது தண்ணி கேக்கும், அது கேக்காது” என்கிறார்கள். பிஷாவுக்கு இது தெளிவாகப் புரிந்திருக்கும்.

அண்டாவுக்குப் பின்னால் வெங்காயம் உரிக்கும் அக்காமார்களின் கண்ணீர். அதற்கும் உடலமைப்புதான் காரணம், அதுவும் செல்லுக்கும் கீழே உள்ள அமைப்பு. வெங்காயச் செல்லுக்குள் நுண்குமிழில் ஒரு நொதி பூட்டிக் கிடக்கிறது. வெளியே செல் திரவத்தில் கந்தகச் சேர்மங்கள். கத்தி பட்டுச் சுவர் உடைந்தால்தான் இரண்டும் சந்திக்கும், கண்ணை எரிக்கும் வாயு கிளம்பும். முழு வெங்காயம் மணப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? “ஃபேன் போட்டா எரியாது, ஆனா அடுப்பு அணைஞ்சிரும்” என்று சிரித்தார் ஓர் அக்கா. அவரிடம் ஒரு வெங்காயத்தை வாங்கி, இதழின் உட்புறத் தோலை நகத்தால் கிள்ளி எடுத்தால் கண்ணாடிபோன்ற படலம் வரும். ஒரே ஒரு செல் தடிமன்! பள்ளி நுண்ணோக்கியில் ஒரு சொட்டு அயோடினோடு வைத்தால் செங்கல் வரிசைபோல் செல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளியாக உட்கரு.

நிலக்கோட்டைக்கு வண்டியைத் திருப்புகிறேன். மதுரை மல்லிக்கு 2013-இல் கிடைத்த புவிசார் குறியீட்டின் எல்லைக்குள் திண்டுக்கல் மாவட்டமும் வருகிறது. மொட்டு பறிப்பவர்கள் இருட்டிலேயே தோட்டத்தில் இறங்குகிறார்கள். மார்க்கெட்டில் எடை போடும்போது எல்லாம் மூடிய மொட்டு. மணம் இன்னும் பிறக்கவில்லை! பூ என்பது செடியின் உறுப்பு. செடியிலிருந்து கிள்ளிய பிறகும் அதன் செல்கள் மூச்சு விடுகின்றன, தங்களிடம் இருக்கும் சர்க்கரையைச் செலவழித்து மணப்பொருள்களைத் தயாரிக்கின்றன. மாலையில், யாரோ ஒருவரின் கூந்தலில், வேரும் தண்டும் இல்லாமல் அந்த உறுப்பு தன் கடமையை முடித்து மலர்கிறது. கறிக்கடையில் இதயம் தனியாகத் துடித்ததே, அதே கதைதான் இங்கே மணக்கிறது. அந்தப் பூவைக் கட்டும் வாழைநார் செத்த செல்களால் ஆன திசு. தடித்த சுவரை மட்டும் விட்டுவிட்டு உள்ளிருந்த உயிர்ப்பொருள் போய்விட்ட நார்கள். ஒரு முழம் சரத்தில் உயிருள்ள உறுப்பையும் உயிரில்லாத திசுவையும் முடிச்சுப் போட்டு விற்கிறார்கள்!

இதுவரை இறங்கிக்கொண்டே வந்தோம். இப்போது ஏறுவோம், ஒற்றைச் செல்லிலிருந்து. இங்கேதான் 1957 திரும்ப வருகிறது.

திண்டுக்கல் சமவெளி புகையிலைக்கும் சுருட்டுக்கும் பேர் போனது. வேடசந்தூரில் 1948-இல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. வாய்ப்புற்றுநோய்க்குக் காரணமான பயிர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு செல் தன் திசுவின் கட்டுப்பாட்டை மறந்து தான்தோன்றியாகப் பெருகுவதுதான் புற்றுநோய். ஆனால் அறிவியலுக்கு அதே செடி செய்த உதவி பெரிது. நாகசாமி நாயுடு முதல் அண்டாவை ஏற்றிய அதே 1957-இல், அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்கூக், மில்லர் என்ற இருவர் புகையிலைத் தண்டின் உட்சோற்றுத் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து ஒன்றைக் கண்டார்கள். ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரண்டு ஹார்மோன்கள். ஆக்சின் தூக்கலாக இருந்தால் வேர் வருகிறது. சைட்டோகைனின் தூக்கலாக இருந்தால் தளிர் வருகிறது. இரண்டும் சமமாக இருந்தால் வடிவமில்லாத செல் குவியல். உறுப்பு எது என்று தீர்மானிப்பது ஒரு விகிதம்!

1965-இல் அதே விஸ்கான்சினில், இந்தியாவிலிருந்து போன விமலா வாசில், ஹில்டபிராண்ட் என்பவரோடு சேர்ந்து இன்னும் துணிந்தார். புகையிலையின் ஒரே ஒரு செல்லைத் தனியாகப் பிரித்து, ஒரு துளி ஊட்டத் திரவத்தில் வைத்தார். அது இரண்டானது, நான்கானது, குவியலானது, இலை விட்டது, வேர் விட்டது, முழுச் செடியாகிப் பூத்தது. ஐந்து கட்டங்களையும் ஒற்றைச் செல் தானாக ஏறிக் காட்டிவிட்டது. ஆட்டின் தசைச் செல்லைக் குடுவையில் வைத்தால் ஆடு வராது. செடிக்கு மட்டும் அந்தத் தாராளம்.

அந்தத் தாராளம் திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்த வழி மலைவாழை. சிறுமலை வாழையும் விருப்பாச்சி வாழையும் புவிசார் குறியீடு பெற்றவை. விருப்பாச்சிப் பழம் இல்லாமல் பழனிப் பஞ்சாமிர்தம் இல்லை. முடிக்கொத்து நோய் இந்த மலைத்தோட்டங்களைச் சூறையாடியது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் அது. இலைகள் குறுகி உச்சியில் கொத்தாகிவிடும், தார் வராது. அந்த வைரஸ் குடியிருப்பது உணவைக் கடத்தும் புளோயம் திசுவில். விவசாயி பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டால் நோயையும் சேர்த்தே நடுகிறார்.

தப்பிக்க வழி? வாழையின் குருத்து நுனிக்குப் போக வேண்டும், உறை உறையாக உரித்துக்கொண்டே. கடைசியில் குண்டூசித் தலையைவிடச் சிறிய குவடு ஒன்று இருக்கும்: ஆக்குத்திசு. அங்கே செல்கள் ஓயாமல் பிரிகின்றன, ஆனால் இன்னும் எதுவாகவும் ஆகவில்லை. புளோயம் இன்னும் உருவாகவில்லை, ஆகவே வைரஸுக்கு வந்து சேரப் பாதையும் இல்லை! அந்த நுனியைக் குடுவையில் இட்டு, 1957-இன் விகிதத்தை மாற்றி மாற்றி முதலில் தளிர், பிறகு வேர் என்று வரவழைத்து, வைரஸ் இல்லை என்று சோதித்துக் கன்றாக்குகிறார்கள். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம், கீழ்ப்பழனி மலையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை நிலையம் ஆகியவை மலைவாழைக்காகப் பாடுபட்ட இடங்கள்.

குடுவையிலிருந்து வெளியே வந்த கன்றை உடனே தோட்டத்தில் வைத்துவிட முடியாது. எப்போதும் ஈரக்காற்றிலேயே வளர்ந்ததால் இலையின் மேல் மெழுகுப் படலம் ஏறியிருக்காது, இலைத்துளைகளுக்கு மூடத் தெரியாது. வெயிலில் வைத்தால் அன்றைக்கே வாடிவிடும். அதனால் நிழல்வலைக்கு அடியில் வாரக்கணக்கில் வைத்து, ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்குகிறார்கள். மேல்தோல் மெழுகு பூசக் கற்றுக்கொள்கிறது, காப்புச் செல்கள் இலைத்துளையைத் திறந்து மூடக் கற்றுக்கொள்கின்றன, வேர் மண்ணிலிருந்து தானே உறிஞ்சக் கற்றுக்கொள்கிறது. புதிதாக விரிந்த இலை மதிய வெயிலிலும் துவளாமல் நின்றால் கன்று தயார். தோட்டக்காரர் மூன்று மூன்று கன்றுகளாகத் தட்டில் அடுக்கி, சிறுமலை ஏறும் வண்டியில் ஏற்றுகிறார்.